460, 426, 485: மூன்று வி8-ல் எதில் இன்னும் இடம் இருக்கிறது?

டல்லாஸில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, பழைய மஸில் கார் ஒன்று வாங்கப் போகிறேன். மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 2018 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, 2013 செவர்லே கமாரோ எஸ்எஸ், 2016 டாட்ஜ் சேலஞ்சர் 392. மூன்றும் வி8, வி வடிவில் எட்டு சிலிண்டர். பவர் 460, 426, 485 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் சேலஞ்சர்தானே பெஸ்ட்? பின்னால் டியூன் பண்ணினால் எதில் அதிகம் வரும்? ஆபீஸில் ஒருவர், 1970-லேயே சேலஞ்சரின் ஹெமி இன்ஜின் 425 தந்தது, ஐம்பது வருஷத்தில் இவர்கள் என்ன கிழித்துவிட்டார்கள் என்கிறார். அது உண்மையா?"

ஆபீஸ்காரர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம்.

1970 சேலஞ்சரில் வந்த 426 ஹெமிக்கு 425 குதிரைத்திறன் என்று போட்டது உண்மைதான். (426, 428, 392 என்று இன்ஜின் பெயரில் வருவது கன அங்குலத்தில் அதன் கொள்ளளவு, பவர் இல்லை.) ஆனால் அன்றைக்கு அளந்த முறை வேறு. இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், சைலன்சர் என்று பவரைத் தின்னும் எதையும் மாட்டாமல் ஓட்டி எடுத்த கணக்கு அது. 'கிராஸ்' என்பார்கள். 1972 மாடலிலிருந்து எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் அளக்கும் 'நெட்' கணக்குக்கு மாறினார்கள். கார்வெட்டில் இருந்த எல்டி-1 இன்ஜினுக்கு 1971-ல் 330 குதிரைத்திறன், 1972-ல் 255. இன்ஜின் அதேதான், தராசுதான் மாறியது. உங்கள் சம்பளச் சீட்டில் மேலே இருக்கும் தொகைக்கும் பேங்கில் விழும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. அதனால் 1970-ன் 425-ஐ இன்றைய 426-க்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே காலத்தில் சில இன்ஜின்களுக்குக் கம்பெனிகளே வேண்டுமென்று குறைத்தும் போட்டார்கள். ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட்டுக்கு 335 என்று போட்டார்கள். ஓட்டிப் பார்த்த யாரும் அதை நம்பவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும், டிராக் ரேஸில் வசதியான பிரிவில் நுழைய வேண்டும் என்ற கணக்கு. கூட்டியும் சொன்னார்கள், குறைத்தும் சொன்னார்கள். பழைய எண்களை வைத்து ஆபீஸில் சண்டை போடாதீர்கள்.

சரி, உங்கள் மூன்று வண்டிகளுக்கு வருவோம்.

485 பெரிய எண்தான். ஆனால் அந்தச் சேலஞ்சர் சுமார் 1,920 கிலோ. மஸ்டாங் சுமார் 1,680 கிலோ. கமாரோ 1,750 பக்கம். வகுத்துப் பாருங்கள்: டன்னுக்கு மஸ்டாங்கில் 274, சேலஞ்சரில் 253, கமாரோவில் 243. பேப்பரில் முதலில் இருந்த வண்டி தராசில் ஏறியதும் இரண்டாவதாகிவிட்டது. சேலஞ்சர் மோசமான வண்டி இல்லை. நீண்ட ஹைவேயில் அதைப் போலச் சொகுசாக மற்ற இரண்டும் ஓடாது, பின்சீட்டில் மனிதர்கள் உட்காரலாம். ஆனால் கேள்வி பவரைப் பற்றி.

அடுத்து டார்க், அதாவது இன்ஜினின் சுழற்று விசை. இங்கே ஒரு சுவாரஸ்யமான ஒற்றுமை இருக்கிறது. 2018 மஸ்டாங்கின் 5 லிட்டர் இன்ஜினுக்கும் 2013 கமாரோவின் 6.2 லிட்டர் இன்ஜினுக்கும் அதிகபட்ச டார்க் ஒன்றேதான்: 569 நியூட்டன் மீட்டர். அது கிடைக்கும் வேகமும் ஒன்றே: 4,600 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று. அப்புறம் ஏன் ஒன்று 460, மற்றது 426?

பவர் என்பது டார்க்கை ஆர்பிஎம்-ஆல் பெருக்கி வருவது. நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்-ஆல் பெருக்கி 7,121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். கமாரோவின் 426 வருவது 5,900-ல். திருப்பிக் கணக்குப் போட்டால் அங்கே அதன் டார்க் 514. மஸ்டாங்கின் 460 வருவது 7,000-ல். அங்கே டார்க் 468-தான். அந்தந்த பவர் உச்சியில் டார்க்கில் கமாரோதான் மேலே. ஆனால் மஸ்டாங் இன்னும் 1,100 சுற்று ஓடுகிறது, அதில் ஜெயித்துவிடுகிறது. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு, மேலேயே நான்கு கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் மேடு வைத்த தண்டு), 7,500 வரை சுற்றும் தைரியம். அந்த இன்ஜினின் குணமே அதுதான். கொயோட்டி என்று பெயர். 2011-ல் 412 குதிரைத்திறனோடு வந்தது, 2015-ல் 435, 2018-ல் 460. உங்களுடையது மூன்றாம் தலைமுறை.

கமாரோவில் இருப்பது எல்எஸ்3 என்ற இன்ஜின். பழைய வழி: வி-யின் நடுவில் பிளாக்குக்குள்ளேயே ஒரே ஒரு கேம், அங்கிருந்து புஷ்ராடு வழியாக மேலே இருக்கும் வால்வுகளைத் தள்ளுவது, சிலிண்டருக்கு இரண்டே வால்வு. கேட்டால் தாத்தா காலத்து டிசைன் மாதிரி இருக்கும். ஆனால் கேமைத் தலைக்கு மேல் சுமக்காததால் இன்ஜின் குட்டி. 6.2 லிட்டர் எல்எஸ்3-ஐயும் 5 லிட்டர் கொயோட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தால், எது பெரியது என்பதில் முதல் தடவை பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பழைய மாஸ்டா, நிஸான், வால்வோ என்று கண்டதிலும் எல்எஸ் இன்ஜினைத் தூக்கி வைக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

இப்போது டியூனிங், அதாவது பாகங்களையும் இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் எண்களையும் மாற்றிப் பவரை ஏற்றுவது. எது அதிகம் தரும் என்று கேட்பதைவிட, கம்பெனி எதில் எவ்வளவு மிச்சம் வைத்துவிட்டுப் போனது என்று பார்க்க வேண்டும். அந்த மிச்சத்துக்கு மேல் போனால் எது முதலில் உடையும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பதில் வண்டிக்கு வண்டி மாறும்.

லிட்டருக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். கொயோட்டி லிட்டருக்கு சுமார் 91. 392 சுமார் 76. எல்எஸ்3 69. டர்போ, சூப்பர்சார்ஜர் என்று காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி எதுவும் வைக்காமல் பவர் ஏற்றப் போகிறீர்கள் என்றால் கடைசியில் இருக்கும் 69-தான் உங்களுக்கு நல்ல செய்தி. கொயோட்டியில் கேம் டைமிங்கை இன்டேக் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரே மாற்றிக்கொள்கிறது, ஹெட் (சிலிண்டருக்கு மேல் வால்வுகள் இருக்கும் பாகம்) பிரமாதம், கம்ப்ரெஷன் (உள்ளே காற்றை அழுத்தும் விகிதம்) 12-க்கு 1. ஃபோர்டு எஞ்சினியர்கள் ஏற்கெனவே துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டார்கள். நாம் மறுபடி பிழிந்தால் நாலு சொட்டு வரும். நாலு கேமையும் மாற்ற ஆகும் செலவுக்கு அந்த நாலு சொட்டு கட்டுப்படியாகாது.

எல்எஸ்3 நேர்மாறு. அதன் ஹெட் நல்ல பெரிய ஹெட், இன்டேக் வால்வு 55 மில்லிமீட்டர். ஆனால் உள்ளே இருக்கும் கேம் ரொம்பச் சாது. வால்வு கொஞ்ச நேரம் திறந்து சீக்கிரம் மூடிக்கொள்ளும். ஐடிலில் அமைதியாக நிற்க வேண்டும், புகைச் சோதனையில் தேற வேண்டும், வாரன்டி காலம் முழுக்கத் தொல்லை தரக் கூடாது என்பதற்காக அப்படி. பெரிய ஹாலுக்குச் சின்னக் கதவு வைத்த மாதிரி. கதவை மாற்றினால் போதும்.

மாற்றுவதும் அழகான வேலை. முதல் தடவை நான் பார்த்தபோது அசந்துபோனேன். ரேடியேட்டரைக் கழற்றி, வாட்டர் பம்ப், முன்னால் இருக்கும் பெரிய புல்லி, டைமிங் கவர் எல்லாம் எடுத்த பிறகு, வால்வு கவரைத் திறந்து ராக்கர்களையும் புஷ்ராடுகளையும் உருவ வேண்டும். அப்புறம் கேம் ஷாஃப்டைக் கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். கேமின் மேடுகள், புஷ்ராடுக்குக் கீழே இருக்கும் லிஃப்டர் என்ற குட்டி உருளைகளை மேலே தள்ளும். மேலே போன லிஃப்டர்களை அங்கே இருக்கும் பிளாஸ்டிக் தட்டுகள் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பதினாறும் மேலேயே நிற்க, கேமை முன்பக்கமாக நீளமாக உருவி எடுத்துவிடலாம். ஹெட்டைத் தொடவே வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் ஞாயிறு சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணிவிடலாம். வால்வு ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஸ்பிரிங் புது கேமின் வேகத்துக்கு ஈடு கொடுக்காமல் வால்வு பிஸ்டனில் இடித்தால் மிச்சப்படுத்தின காசு ஒன்றுக்குப் பத்தாகப் போகும்.

பிறகு சாவியைத் திருப்புகிறீர்கள். சீராக ஓடிக்கொண்டிருந்த வண்டி, தடக்... தடக்-தடக்... என்று நொண்டியடிக்கும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரு கணம் ஒன்றாகத் திறந்திருப்பதால் வரும் சத்தம் அது. அமெரிக்காவில் இந்தச் சத்தத்துக்காகவே கேம் மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். பவரைப் பற்றிக் கவலையே இல்லை.

கணக்கு என்ன? ஒன்றும் செய்யாத மேனுவல் கமாரோ சக்கரத்தில் சுமார் 370 காட்டும். நல்ல கேம், நீள ஹெடர் (எக்ஸாஸ்ட் புகை வெளியேறும் குழாய்கள்), சரியான டியூன், இவை மூன்றும் சேர்ந்தால் 450-ஐத் தாண்டும். ஒன்றும் செய்யாத 2018 மஸ்டாங் சக்கரத்தில் 400 பக்கம். இன்டேக், ஹெடர், எத்தனால் அதிகம் கலந்த இ85 எரிபொருள், டியூன் என்று போனால் அதுவும் 460, 470-ஐப் பார்க்கும். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன பார்த்தீர்களா? ஆனால் கமாரோ கீழேயிருந்து ஏறி வந்திருக்கிறது.

சக்கரத்தில் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். 460, 426, 485 எல்லாம் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டில் அளந்தது. கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் வழியாக வந்து சேரும்போது 12 முதல் 15 சதவீதம் கழியும். நாம் கராஜில் டைனோ என்ற பவர் அளக்கும் இயந்திரத்தின் உருளை மேல் ஏற்றி அளப்பது சக்கரத்தில். டைனோவிலும் சாதி உண்டு. ஒரு வகை தாராளமாகக் காட்டும், ஒரு வகை கறாராகக் காட்டும். கறாராகக் காட்டுவதாகப் பெயரெடுத்த கம்பெனியின் பெயரும் மஸ்டாங்தான், ஃபோர்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "மஸ்டாங்கை மஸ்டாங்கில் ஏற்றினோம்" என்று யாராவது சொன்னால் குழம்பாதீர்கள். ஒரு வண்டியை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் ஏற்றினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

சூப்பர்சார்ஜரோ டர்போவோ வைக்கப் போகிறேன் என்றால் கதை அப்படியே திரும்பிவிடும்.

காற்றை அழுத்தித் திணித்தால் பவர் ஏறும் என்பது எளிய கணக்கு. வெளியே காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. மேலும் 8 திணித்தால் ஒன்றரை மடங்கு காற்று, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பவர். 460-க்கு ஒன்றரை மடங்கு 690. மூன்றாம் தலைமுறைக் கொயோட்டிக்கு ரவுஷ் கம்பெனி விற்ற சூப்பர்சார்ஜர் கிட் 700 என்று போட்டதில் மந்திரம் எதுவும் இல்லை. இதே கணக்கில் எல்எஸ்3-ஐயும் 392-ஐயும் 640, 730-க்குக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். பேப்பரில் போகலாம். உள்ளே இருக்கும் பிஸ்டன் என்ன சொல்கிறது என்பதுதான் விஷயம்.

மூன்றிலும் கம்பெனி போட்டது வார்ப்புப் பிஸ்டன்தான், ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய உறுதியான பிஸ்டன் இல்லை. ஆனால் தாங்கும் அளவு வேறு. கொயோட்டியின் சிலிண்டர் விட்டம் 93 மில்லிமீட்டர். நடுமத்தியில் பிளக், சுற்றிலும் நான்கு வால்வு. நெருப்பு நடுவில் பிடித்து எல்லாப் பக்கமும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். கூடவே 2018-லிருந்து போர்ட்டிலும் சிலிண்டருக்குள் நேரடியாகவும் இரண்டு இன்ஜெக்டர். நேரடியாகப் பாயும் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்றைக் குளிர வைக்கிறது. அதனால் 12-க்கு 1 கம்ப்ரெஷன் இருந்தும், நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது) இல்லாமல் பூஸ்ட்டை, அதாவது திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, வாங்கிக்கொள்கிறது. உள்ளே எதையும் மாற்றாமல் சக்கரத்தில் 750, 800 வரை ஓட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

392-ன் விட்டம் 104 மில்லிமீட்டருக்குப் பக்கம். அதனால்தான் ஹெமியில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் பதினாறு. (பிளக் மாற்றும் அன்று அந்த எஞ்சினியரை நினைத்துக்கொள்வீர்கள்.) கம்ப்ரெஷன் 10.9, கொயோட்டியைவிடக் குறைவுதான். ஆனால் அதன் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு இருக்கிறதே, அதுதான் அதன் நோஞ்சான் இடம். பூஸ்ட்டில் சூடு ஏறும்போது பிஸ்டன் ரிங் நீளும். அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே தண்டவாளத்தில் விடுவது போல ஒரு இடைவெளி இருக்கும். கம்பெனி சாதாரணச் சூட்டுக்குக் கணக்குப் பண்ணி விட்ட இடைவெளி அது. சூடு மிஞ்சினால் முனைகள் முட்டிக்கொள்ளும், ரிங் சிலிண்டர் சுவரில் இறுகும், ஓடிக்கொண்டிருக்கும் பிஸ்டன் தன் விளிம்பையே பிய்த்துக்கொள்ளும். அதனால் 392-ல் சின்ன பூஸ்ட் வைத்து அடக்கமாக ஓட்டலாம், அதற்கு மேல் ஆசைப்பட்டால் பிஸ்டனை மாற்றிவிட்டுத்தான் ஆசைப்பட வேண்டும். எல்எஸ்3 இரண்டுக்கும் நடுவில். கவனமாக டியூன் செய்தால் சக்கரத்தில் 550, 600 வரை போகலாம். பிளாக்கின் கீழ்ப்பாதி யானை மாதிரி, ஒவ்வொரு மெயின் பேரிங் மூடிக்கும் ஆறு போல்ட். பிஸ்டனும் ராடும் மாற்றினால் அந்த பிளாக் எங்கேயோ போய் நிற்கும்.

கொயோட்டிக்கும் ஒரு நோஞ்சான் இடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆயில் பம்புக்குள் இருக்கும் கியர் உலோகத்தூளை அழுத்திச் செய்தது. கிராங்க் ஷாஃப்டே நேராக அதைச் சுற்றுகிறது. பூஸ்ட் வைத்துவிட்டு, ரெவ் லிமிட்டரில் (சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் அமைப்பு) வண்டியை டட்-டட்-டட் என்று அடிக்க விட்டால் அந்த அதிர்ச்சியில் கியர் விரியும். ஆயில் பிரஷர் போனால் மிச்சக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. திட இரும்பில் கடைந்த கியர் தனியாகக் கிடைக்கிறது. கியர் விலை பெரிதில்லை, இன்ஜினின் முன்பக்கத்தைத் திறக்கும் கூலிதான் பெரிது. சூப்பர்சார்ஜர் வைக்கும் அன்றே போட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் அறிவுரையாகச் சொல்வதால் நான் தப்பே செய்யாதவன் என்று நினைக்க வேண்டாம். சில வருஷங்களுக்கு முன்னால், நண்பர் ஒருவரின் வண்டி. எந்த வண்டி என்பது வேண்டாம், தப்பு அதனுடையது இல்லை. யாரோ கழற்றி விற்ற சூப்பர்சார்ஜரை வாங்கி மாட்டியிருந்தார். ஃபியூயல் பம்ப் பழையதே. லேப்டாப் முன்னால் நான். பூஸ்ட் வண்டிகளில் முழு ஆக்ஸிலரேட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 பக்கம் நிற்க வேண்டும். முதல் ஓட்டம் 11.6. இரண்டாவது அதேபோல். மூன்றாவதில் 6,000-க்கு மேல் கோடு மெதுவாக மேலே ஏறி 12.8-ஐத் தொட்டது, அதாவது பெட்ரோல் போதவில்லை. பம்ப் மூச்சு வாங்குகிறது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். 'சென்சார் சூடாகியிருக்கும், இன்னொரு தடவை பார்க்கலாம்' என்றேன். நான்காவது ஓட்டத்தில் பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. டைனோ கோடு ஒரு இடத்தில் படி மாதிரி இறங்கியது, பின்னால் நீலப் புகை. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராகக் காற்றடித்துப் பார்த்தோம். ஏழாவதில் அடித்த காற்று ஆயில் ஊற்றும் மூடி வழியாக உஸ்ஸென்று வந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதிலிருந்து கோடு அரைப் புள்ளி நகர்ந்தாலும் நான் காலை எடுக்கச் சொல்லிவிடுவேன்.

எரிபொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. டெக்சாஸ் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 93 ஆக்டேனும், ஊரில் பார்க்கும் 95-ம் ஒரே அளவுகோல் இல்லை. இங்கே போடுவது இரண்டு சோதனைகளின் சராசரி, அங்கே போடுவது அதில் ஒன்றான ஆர்ஓஎன் மட்டும். இங்கத்து 93, அந்தக் கணக்கில் 98 பக்கம் வரும். இ85 என்பது இன்னும் மேலே, நாக்கிங்குக்கு நல்ல மருந்து. ஆனால் அளவில் சுமார் 30 சதவீதம் அதிகம் குடிக்கும், பம்பும் இன்ஜெக்டரும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். பெயர்தான் 85, பருவத்தைப் பொறுத்து உள்ளே எத்தனால் 51-லிருந்து 83 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். அளந்து சொல்லும் சென்சார் வைக்காமல் நம்பி ஊற்றக் கூடாது.

கம்ப்யூட்டர் விஷயத்திலும் மூன்றும் ஒன்றல்ல. உங்கள் கமாரோவும் மஸ்டாங்கும் திறந்த வீடு மாதிரி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் வயரைச் சொருகி, இருப்பதைப் படித்து, மாற்றி எழுதிவிடலாம். சேலஞ்சரில் 2015-லிருந்து பூட்டுப் போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி அனுப்பித் திறந்து வாங்க வேண்டும், அல்லது திறந்த பெட்டியே விலைக்கு வாங்க வேண்டும். டியூனுக்கு முன்னாலேயே ஒரு செலவு. இதில் ஃபோர்டையும் ரொம்பப் புகழ முடியாது. 2024-ல் வந்த புது மஸ்டாங்கில் அவர்களும் நன்றாக இழுத்து மூடிவிட்டார்கள். 2018-க்கு இன்று மவுசு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சேலஞ்சரிலேயே சூப்பர்சார்ஜரோடு வந்த ஹெல்கேட்டைப் பற்றியும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். 2015-ல் 707 குதிரைத்திறன், இரும்பு பிளாக், ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், கம்ப்ரெஷனைக் கம்பெனியே 9.5-க்கு இறக்கியிருக்கிறது. அதன் சூப்பர்சார்ஜரைச் சுற்றவே 80 குதிரைத்திறன் போகிறது. பழைய அம்பாசடர் ஒன்றின் மொத்த பவரைவிட அது அதிகம். அதில் டியூனிங் என்றால் சின்ன புல்லி போட்டு சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுற்றுவது, பெட்ரோலைக் கூட்டுவது, சூட்டைத் தணிப்பது. சூடுதான் அதற்கு எதிரி. அதைவிட முறுக்கான மாடலான 2018 டீமனில் கேபினுக்குப் போகும் ஏசி குளிரைத் திருப்பி, சூப்பர்சார்ஜர் காற்றைக் குளிர்விக்கும் தண்ணீருக்குக் கொடுத்தார்கள். டிரைவர் வேர்க்கட்டும், இன்ஜின் குளிரட்டும் என்று. 2023-ல் வந்த டீமன் 170, இ85-ல் 1,025-ஐத் தொட்டது. அதோடு சேலஞ்சரையே நிறுத்திவிட்டார்கள். உங்கள் பட்ஜெட்டில் நல்ல ஹெல்கேட் வராது. வந்தால் அது நல்லதாக இருக்காது.

அப்போ எது? மேலே எதுவும் செய்யாமல் வைத்திருக்கப் போகிறீர்கள், அப்பா அம்மா வந்தால் ஆஸ்டின் வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் சேலஞ்சர். இரண்டு மூன்று வருஷம் கழித்து சூப்பர்சார்ஜர் வைக்கும் எண்ணம் மனதில் கொஞ்சமாவது இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு மஸ்டாங். கையில் கிரீஸ் பட வேண்டும், நானே பிரித்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் கமாரோ. உங்கள் கேள்வியைப் படித்தால் நீங்கள் இரண்டாவது ஆள் என்று தோன்றுகிறது, அதனால் மஸ்டாங் என்பேன். எனக்கு வாங்குவதானால் கமாரோதான் வாங்குவேன், அது வேறு கதை.

வாங்கப் போகும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 2013 கமாரோ மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று நீங்கள் எழுதவில்லை. 426 என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் மேனுவலாக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் இருப்பது எல்எஸ்3 இல்லை, எல்99. அதற்கு 400-தான். ஹைவேயில் நான்கு சிலிண்டரை அணைத்து பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் அமைப்பு அதில் உண்டு, அதற்கென்று தனி லிஃப்டர்கள். அந்த லிஃப்டர் படுத்தால் கேமையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். 392-லும் இதே கதைதான்: ஆட்டோமேட்டிக்கில் சிலிண்டர் அணைக்கும் அமைப்பு இருக்கிறது, மேனுவலில் இல்லை. மஸ்டாங்கில் 2018, 19 மேனுவல் வண்டிகள் சிலவற்றில் ஆயில் குறைகிறது என்ற புகார் இருந்தது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், எத்தனை மைலுக்கு எவ்வளவு ஊற்றினார் என்று கேளுங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை முன்னாலிருந்தவர் கழற்றிவிட்டாரா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். அது மத்திய அரசின் சட்டப்படியே தப்பு. டெக்சாஸில் பாதுகாப்புச் சோதனையை 2025 தொடக்கத்தோடு எடுத்துவிட்டார்கள், ஆனால் டல்லாஸ் கவுண்டியில் புகைச் சோதனை இன்னும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. விற்பவரிடம், "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். லிஃப்டர் தட்டுவது, ஹெமியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் உடைந்து டிக்-டிக் என்று அடிப்பது, இதெல்லாம் ஆறிய இன்ஜினில்தான் தெளிவாகக் கேட்கும். சூடானதும் போல்ட் சத்தம் அடங்கிவிடும், விற்பவர்களுக்கும் அது தெரியும். போய் இறங்கியதும் கை குலுக்கும் முன்னால் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், பக்கத்தில் ஒரு காபி குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். "அவ்வளவு நேரம் என்னால் காத்திருக்க முடியாது" என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.